குலசையில் முகம் பார்க்கப் பழகுதல்

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி நோக்கிப் போகும் கடற்கரைச் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் குலசேகரன்பட்டினம். அந்தப் பக்கத்து மக்களுக்கு அது குலசை. ஒரு காலத்தில் துறைமுகம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் அமைவதும் இங்கேதான். ஆனால் தென்மாவட்டக்காரர் ஒருவரிடம் குலசை என்று சொல்லிப் பாருங்கள். துறைமுகமும் ராக்கெட்டும் அவர் நினைவுக்கு வராது. முத்தாரம்மன்தான் வருவாள், அவளோடு தசராவும் வரும்.

தசராவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டிக்கொண்டு, வேஷம் போட்டு, குழுக் குழுவாக ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பிரிக்கிறார்கள். காளி, குரங்கு, கரடி, குறவன், குறத்தி, ராஜா, போலீஸ், பிச்சைக்காரர் என்று வேஷத்துக்குக் கணக்கில்லை. காளி வேஷம் கட்டுகிறவர்கள் 41 நாள், 48 நாள் என்று விரதம் இருக்கிறார்கள். பிரித்த காணிக்கையைக் கோயிலில் சேர்க்கிறார்கள். விஜயதசமி நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். பல லட்சம் பேர் கூடும் கூட்டம் அது.

அந்தக் கூட்டத்தில் இப்போது கேமராக்காரர்களும் ஒரு கூட்டம். முகம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது பரவலான நம்பிக்கை. திரும்பிய பக்கமெல்லாம் வண்ணம் பூசிய முகம், யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். குலசை நல்ல பள்ளிக்கூடம், ஆனால் மிகவும் தாராளமான பள்ளிக்கூடம். மோசமான படத்தையும் நல்ல படம்போலக் காட்டிவிடும். காளியின் கிரீடமும் சிவந்த நாக்கும் கோரைப்பல்லும் இருந்தால் யார் எடுத்தாலும் படம் கண்ணைப் பறிக்கும். எடுத்தவர் அந்த முகத்தைப் பார்த்தாரா என்பது அதற்குள் மறைந்துபோகும். போன தசராவுக்குக் கற்றுக்கொள்கிற சில இளைஞர்களையும், பணி ஓய்வு பெற்ற பின் கேமரா வாங்கிய ஒரு வங்கி அதிகாரியையும் கூட்டிக்கொண்டு செந்தூர் எக்ஸ்பிரஸில் போனேன். பெட்டியில் இரவு வெகுநேரம் லென்ஸ் பேச்சுதான் ஓடியது. எது வாங்கினால் பின்னணி இன்னும் மங்கும், எந்த கேமரா கண்ணைத் தானே பிடிக்கும் என்று. எந்த முகத்தைத் தேடிப் போகிறோம் என்ற பேச்சு ஒருமுறைகூட எழவில்லை.

கடற்கரைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிவேளை. மணல் கொதித்தது. தப்பட்டைச் சத்தம் நாலு பக்கமும். கூட வந்தவர்கள் சிதறி ஓடினார்கள், அரைமணி நேரத்தில் நூற்றுக்கணக்கான படங்களோடு திரும்பினார்கள். எல்லாருடைய கேமராவிலும் ஒரே குறை: கண் இல்லை. சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும்போது புருவ எலும்பின் நிழல் கண்குழி முழுவதையும் மூடிவிடுகிறது. மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசைபோல விழுகிறது. காளிக்குக் கண்ணைச் சுற்றி மை தீட்டியிருப்பதால் அந்த நிழல் இரட்டிப்பாகிறது. முகம் எடுக்கிறவர் முதலில் தேட வேண்டியது கருவிழியில் விழும் வெளிச்சப் புள்ளியை. அது இருந்தால் முகம் உயிரோடு இருக்கும், இல்லாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் அதைக் கொண்டுவந்து வைக்காது.

அதற்காக மாலைவரை காத்திருக்க வேண்டியதில்லை. கோயில் தெருவில் ஒரு டீக்கடை, முன்பக்கம் ஓலைப் பந்தல். பந்தலின் நிழல் முடிகிற ஓரத்தில் ஒருவரை நிறுத்தி, வெளியே பார்க்கச் சொன்னால் போதும். வெட்டவெளி முழுவதும் அவருக்கு முன்னால் பெரிய ஜன்னலாக மாறிவிடுகிறது. வெயில் படுகிற மணல் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, தாடைக்குக் கீழே இருக்கும் கருமையைத் தணிக்கிறது. ஸ்டூடியோவில் காசு கொடுத்து வாங்கும் வெள்ளைப் பலகை செய்கிற வேலையைக் குலசை மணல் சும்மா செய்கிறது. டீக்கடைக்காரர் பந்தல் ஓரத்துப் பெஞ்சை அவராகவே நகர்த்திக் கொடுத்தார். “இங்கன வச்சு எடுங்க. வெயில்ல நிறுத்தி வச்சு அவுக கண்ணைச் சுருக்க வச்சா படம் எப்படி நல்லா வரும்?” என்றார். வெளிச்சத்தைப் பற்றி நான் ரயிலில் பேசியதைவிட அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் அதிகம். வெயிலில் நிற்கிற மனிதருக்குக் கண் கூசுகிறது, கூசுகிற கண்ணில் முகபாவம் எதுவும் தங்காது. நல்ல வெளிச்சம் என்பது எடுக்கப்படுகிறவருக்கும் சுகமான வெளிச்சம்.

தள்ளி நிற்பதிலும் கிட்டப் போவதிலும் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு கல்லூரி மாணவர் அகலக்கோண லென்ஸை மாட்டிக்கொண்டு முகத்துக்கு அரை மீட்டர் அருகில் போய் எடுத்தார். குரங்கு வேஷக்காரரின் மூக்கு பெருத்து, காது தலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. லென்ஸ் முகத்தைக் கெடுக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். கெடுப்பது தூரம். மூக்கு நுனி காதைவிடப் பத்து சென்டிமீட்டராவது கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரை மீட்டரில் நின்றால் அந்த வித்தியாசம் மொத்தத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு மீட்டரில் நின்றால் இருபதில் ஒரு பங்கு. நாம் ஒருவரோடு மரியாதையாகப் பேசும்போது ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்கிறோம். அந்தத் தூரத்தில் தெரிகிற முகம்தான் அவரை அறிந்தவர்களுக்குப் பழகிய முகம். 85 மி.மீ. லென்ஸையோ, சிறிய சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸையோ போட்ரெய்ட்டுக்கு உகந்தது என்று சொல்வதற்குக் காரணம், அந்த இடைவெளியில் நின்றபடி முகத்தால் படத்தை நிரப்ப முடிகிறது என்பதே.

வங்கி அதிகாரி இதற்கு நேர் எதிர். 300 மி.மீ. வரை இழுக்கும் ஜூம் லென்ஸோடு ஒரு வேனுக்குப் பின்னால் நின்று எடுத்தார். கூச்சம்தான் காரணம், அது எனக்குப் புரிகிறது. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் போய் நிற்பது எளிதல்ல. ஆனால் ஒளிந்து நின்று எடுத்த படத்தில் முகம் எப்போதும் வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. அதில் எடுத்தவருக்கு இடமில்லை. தெருக்காட்சிக்கு அது சரி. போட்ரெய்ட் என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை.

மங்கலான பின்னணி மீது புதியவர்களுக்கு இருக்கும் மோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஃப் 1.4 வரை அகலத் திறக்கும் லென்ஸ் வாங்கியவர் எஃப் 1.4லேயே எடுக்கிறார், கொடுத்த காசுக்கு அதுதானே பலன் என்று. 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4ல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் சுமார் ஒரு சென்டிமீட்டர். கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையில் அதைவிட அதிக தூரம் இருக்கிறது. பேசியபடி, ஆடியபடி இருக்கிற காளியின் தலை ஒரு சென்டிமீட்டர் அசையாமலா இருக்கும்? கேமராவைத் திறந்து பார்த்தால் மூக்குத்தி வைரம்போலத் தெளிவு, கண் பஞ்சு. அதே லென்ஸை எஃப் 4ல் வைத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் ஆழம் ஏறக்குறைய 13 சென்டிமீட்டராகிறது. இரண்டு கண்ணும், மூக்கும், நெற்றிக் குங்குமமும் அதற்குள் அடங்கும். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் புதிய கேமராக்களும் குலசையில் தடுமாறுகின்றன. முகமூடியிலும் கிரீடத்திலும் தீட்டிய கண்களை நிஜக் கண் என்று நினைத்துவிடுகின்றன. அங்கே போகஸ் புள்ளியைக் கையால் நகர்த்தி, நமக்கு அருகில் இருக்கிற கண்மீது வைப்பதே வழி.

இதைக் கேட்டதும் ஒருவர், பழைய மேதைகள் எடுத்ததும் மங்கலாகத்தானே இருக்கிறது என்றார். ஜூலியா மார்கரெட் கேமரனை நினைத்துக் கேட்டார். 1815ல் கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் முதல் கேமராவைக் கையில் எடுத்தவர் அவர். கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து களுத்துறையில் உழைக்கும் மக்களைப் படம் எடுத்து, 1879ல் அந்தத் தீவிலேயே இறந்தார். படங்கள் தெளிவாக இல்லை என்று அவர் காலத்து விமர்சகர்கள் திட்டினார்கள். ஆனால் அவர் மென்மையை வேண்டி ஏற்றுக்கொண்டவர். எதை விடுகிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரியும். 48 வயதில் தொடங்கிய அவரைப் பற்றிப் பேசும்போது வங்கி அதிகாரியின் முகத்தில் தெம்பு வந்ததையும் கவனித்தேன்.

இனி நிறத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் கோபமும் உண்டு.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு முன்னால் இருப்பது மனிதரா மணலா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். வெளுத்த மணலும் கடலும் வானமும் பின்னால் இருக்க, நடுவில் ஒரு கருத்த மனிதர் நின்றால், அது மணலைப் பார்த்து ‘வெளிச்சம் அதிகம்’ என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். மனிதர் நிழலுருவமாகிவிடுவார். அப்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். அதே மனிதரின் முகம் படம் முழுவதும் நிறைந்து நின்றால், ‘இருட்டு அதிகம்’ என்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றும். கருமை சாம்பல் பூத்ததுபோல் வெளிறிவிடும். அப்போது குறைக்க வேண்டும். நம் ஊரில் முகம் எடுக்கிறவர் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. ஆனால் புதியவர்கள் கற்கிற வீடியோக்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல் மாடல்கள்தான் நிற்கிறார்கள். அந்த எண்களை அப்படியே கொண்டுவந்து தூத்துக்குடி வெயிலில் வேலை செய்கிற மனிதர்மேல் பொருத்தினால் எப்படிச் சரிவரும்?

இது இன்று நேற்றுப் பிரச்சினையும் இல்லை. கலர் பிலிம் காலத்தில், லேப்களில் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையைக் கோடக் நிறுவனம் அனுப்பிவந்தது. ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அதில் இருந்தவர் பல்லாண்டுக் காலம் வெள்ளைக்காரப் பெண்ணே. அவர் தோல் சரியாக வந்தால் எல்லார் தோலும் சரி என்று கணக்கு. பழுப்பு நிற வேறுபாடுகள் சரியாக வருவதில்லை என்று மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் புகார் சொன்னது, பிலிம் மாறியதற்கு ஒரு காரணமாகப் பதிவாகியிருக்கிறது. மனிதத் தோலுக்காக நடக்காத மாற்றம் மேஜைக்காக நடந்தது. நம் தாத்தா பாட்டியின் பழைய கலர்ப் படங்களில் முகம் ஒரே கருப்புத் திட்டாக இருப்பதற்கு எடுத்தவரின் கைமட்டுமே காரணமாக இருந்திருக்காது.

இன்றைய சென்சார்களில் அந்தக் குறை பெருமளவு இல்லை. இன்று குறை எடிட்டிங்கில் இருக்கிறது. கரையில் வலை சுமந்து கருத்த தோளை இரண்டு நிமிடத்தில் கோதுமை நிறமாக்கிவிடுகிறார்கள். தோலின் துளைகளையும் சுருக்கத்தையும் வழித்துத் துடைத்து, முகத்தைப் பிளாஸ்டிக் ஆக்குகிறார்கள். கல்யாண ஆல்பத்தில் வாடிக்கையாளர் கேட்கிறார் என்பார்கள். குலசையில் யார் கேட்டது? எங்கள் குழுவிலேயே ஒரு மாணவி அன்று மாலை டீக்கடையில் உட்கார்ந்து, பிச்சைக்கார வேஷம் கட்டிய ஒரு பெரியவரின் முகத்தை செல்போனில் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார். பெரியவர் எட்டிப் பார்த்து, “இது யாருத்தா?” என்றார். அவரேதான் என்றதும், “எம் பொண்டாட்டிக்கே என்னை அடையாளம் தெரியாது போலுக்கே” என்று சிரித்தார். அந்த மாணவி ஒன்றும் பேசாமல் பழைய படத்துக்கே திரும்பிப் போனார். கருப்புத் தோலில் நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் விழுகிற பளிச்சென்ற ஒளி இருக்கிறதே, அதுதான் அந்த முகத்துக்கு வடிவம் கொடுக்கிறது. பக்கவாட்டிலிருந்து பரந்த வெளிச்சத்தை விழவிட்டு அந்த மினுக்கத்தைக் காப்பாற்றுவது எடுக்கிறவரின் வேலை. பவுடர் பூசி அழிப்பது அந்த முகத்தை மறுப்பது.

குங்குமச் சிவப்பைப் பற்றி ஒரு குறிப்பு. காளியின் நாக்கு, பட்டு, குங்குமம் எல்லாம் சேர்ந்த சிவப்பில் மடிப்பும் நூலும் தெரியாமல் ஒரே அப்பலாகிவிடுவது வழக்கம். வெளிச்சப் பரவலைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் முட்டி நிற்கும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து, ரா கோப்பாக எடுத்தால் தப்பிக்கலாம்.

வெயில் தாழ்ந்த நேரத்தில், தலையில் பெரிய கிரீடமும் முதுகில் கைகளும் கட்டிய ஒரு காளி எங்கள் பந்தலில் இளைப்பாற வந்து உட்கார்ந்தார். உடனே நாலைந்து கேமரா அவர் முகத்துக்கு நேராக நீண்டன. எங்கள் மாணவர் ஒருவர், “அண்ணே, நாக்கை நீட்டுங்க” என்றார். டீக்கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு வந்தார். “தம்பி, வேஷம் கட்டுனவுகள அண்ணேன்னு கூப்புடக் கூடாது. அம்மான்னு கூப்புடுங்க. நாக்கை நீட்டுன்னெல்லாம் சொல்லக் கூடாது.” கேமராக்கள் கீழே இறங்கின. சற்று நேரத்தில் ஒரு கைக்குழந்தையோடு வந்த தம்பதியர் அந்தக் காளியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, குழந்தையின் நெற்றியில் குங்குமம் வாங்கிக்கொண்டு போனார்கள். காளியின் முகத்தில் அப்போது வந்த பரிவைப் படம் எடுக்கக் கேமரா எதுவும் தயாராக இல்லை.

பிறகு அவர்தான் பேச்சைத் தொடங்கினார். “எந்த ஊர்ல இருந்து வாறிய?” சென்னை என்றதும், “ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்தா என்ன? கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்” என்றார். ஊரில் கொத்தனார் வேலை. பிள்ளைக்கு உடம்பு சரியானதற்காக நேர்ந்து கட்டுகிற வேஷம். கிரீடத்தின் கனம் கழுத்தை என்ன செய்யும், விரத நாட்களில் எத்தனை வேளை சாப்பாடு, ஊர் ஊராக நடந்தால் கால் எப்படி இருக்கும் என்றெல்லாம் சொன்னார். பேசப் பேச முகம் தளர்ந்தது, கை மடிக்கு வந்தது, பார்வை எங்களைத் தாண்டிக் கடலுக்குப் போய்த் திரும்பி எங்கள்மேல் நின்றது. “அம்மா, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?” என்று அந்த மாணவரே கேட்டார். குழுவில் யாருக்கும் அன்று அதைவிட நல்ல படம் கிடைக்கவில்லை. அதில் நாக்கும் இல்லை, ஆவேசமும் இல்லை. தட்டில் காணிக்கை போட்டுவிட்டு வந்தோம்.

பெயர் கேட்காமல் எடுப்பது புதியவர்களின் பழக்கம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. டோரதியா லாங் 1936ல் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படம் உலகம் முழுவதும் தெரியும். படத்தில் இருந்தவர் பெயரை லாங் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியே தெரிந்தது 1978ல். அந்தப் படத்தால் தனக்கு ஒரு நன்மையும் வரவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. ஸ்டீவ் மெக்கரி 1984ல் பாகிஸ்தானின் அகதி முகாம் ஒன்றில் எடுத்த ஆப்கன் சிறுமியின் முகம் 1985 ஜூனில் நேஷனல் ஜியாக்ரபிக் அட்டையில் வந்தது. அவர் ஷர்பத் குலா என்று உலகுக்குத் தெரிய 2002 வரை ஆனது. இரண்டுமே மகத்தான படங்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டு வருவதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. பெயரைக் கேட்க ஆகும் நேரத்திலேயே போகஸும் எக்ஸ்போஷரும் சரிபார்த்துவிடலாம்.

நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். கண்குழி நிழல், வீங்கிய மூக்கு, மங்கிய கண், வெளிறிய தோல் எல்லாம் தனித்தனித் தவறாகத் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் வேர் அவசரம். எதிரில் இருப்பவரை இரண்டு நிமிடம் வெறும் கண்ணால் பார்த்திருந்தால் கண் இருட்டில் இருப்பது தெரிந்திருக்கும். அவர் பின்னால் மின்கம்பம் நிற்பதும் தெரிந்திருக்கும்.

இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சம்ஹாரத்துக்குக் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது, முகம் எடுக்கிற நேரம் அதுவல்ல. கேமராமேல் இருக்கும் பிளாஷை நேராக அடித்தால் ஜிகினாவும் தகடும் கண்ணாடியும் மட்டும் எரியும், திறந்தவெளியில் வெளிச்சத்தை மோதித் திருப்பச் சுவரும் கூரையும் கிடையாது. கடை விளக்குக்குப் பக்கவாட்டில் முகத்தை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ.வைத் தயங்காமல் ஏற்றி, ஷட்டரை நொடியில் 250ல் ஒரு பங்குக்குக் கீழே போகவிடாமல் எடுத்தால் போதும். புள்ளி புள்ளியாக விழுந்த படத்தைச் சகித்துக்கொள்ளலாம், ஆடிப்போன முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

மறுநாள் விடியலில் மணப்பாடு போனோம். குலசையிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர். தேரிபோல உயர்ந்த மணல்மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே பாறையில் 1542ல் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, அதற்கும் கீழே மீனவர் குடியிருப்பு. வேஷமில்லாத முகங்களை எடுக்கவேண்டும் என்பதற்காகவே இந்த ஊரைத் திட்டத்தில் வைத்திருந்தேன். கிரீடமும் வண்ணமும் இல்லாதபோது படத்தைத் தாங்க முகமும் வெளிச்சமும் மட்டுமே மிஞ்சும்.

ஃபைபர் படகுகள் கரை சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு பெரியவர் படகோரம் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் சரி என்றார். எங்கள் ஆட்கள் நின்றபடியே எடுக்கத் தொடங்கினார்கள். மேலிருந்து பார்த்த படத்தில் அவர் சிறுத்துப்போனார், நெற்றி பெருத்தது. மணலில் உட்கார்ந்து அவர் கண்மட்டத்துக்கு வந்ததும் எல்லாம் மாறியது. குழந்தைகளை எடுக்கும்போதும் இதே கதை, முழங்காலில் மணல் ஒட்டாமல் குழந்தை முகம் எடுக்க முடியாது. அடிவானக் கோடு அவர் கழுத்தை வெட்டுவதுபோல் போனது. கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தியதும் கோடு தோளுக்குக் கீழே இறங்கிக்கொண்டது. படத்தின் ஓரத்தைச் சரியாக மணிக்கட்டில் வெட்டியிருந்தார் ஒருவர். மூட்டில் வெட்டினால் உறுப்பு துண்டானதுபோல் தெரியும், மூட்டுக்கு நடுவில் வெட்டினால் கண் அதை ஏற்றுக்கொள்ளும். அதுவும் அந்தக் கைகளையா வெட்டுவது? உப்பும் நைலான் நூலும் வரிவரியாக அறுத்த விரல்கள் அவை. முகத்தோடு அந்தக் கையும் சேர்ந்தால்தான் அவர்.

யாரோ “தாத்தா, சிரிங்க” என்றார்கள். அவர் வேலையை நிறுத்திவிட்டு, பல்லைக் காட்டி, விறைத்து உட்கார்ந்தார். அதுவரை அங்கே இருந்த மனிதர் போய்விட்டார். சிரிக்கச் சொல்வது, ‘ரெடி’ சொல்வது, எண்ணுவது எல்லாம் ஆதார் படத்துக்குப் போதும். யூசுப் கார்ஷ் 1941ல் எடுத்த சர்ச்சிலின் படத்தில் சிரிப்பு இல்லை, வாயிலிருந்த சுருட்டைக் கார்ஷ் எடுத்துவிட்டதால் வந்த முறைப்புத்தான் இருக்கிறது. கார்ஷ் செய்த துணிச்சல் நமக்கு வேண்டாம். வேலையைத் தொடரச் சொல்லி, என்ன மீன் பட்டது என்று கேட்டாலே போதும். வங்கி அதிகாரி அப்படித்தான் கேட்டார். ஜூம் லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு, 50 மி.மீ. மாட்டிக்கொண்டு, மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் நெத்திலி விலையைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகப் பேசினார், அந்தக் கோபம் முகத்துக்கு அழகாக இருந்தது. எடுத்த படத்தைப் பெரியவருக்குக் காட்டினார். வெகுநேரம் பார்த்த பெரியவர், “எங்க அப்பா மாதிரி இருக்கேன்” என்றார். பிரிண்ட் வேண்டும் என்று கேட்டு, பேத்தியைக் கூப்பிட்டு முகவரி எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

உடன்குடியில் இறங்கிக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு திருச்செந்தூர் வந்து ரயில் ஏறினோம். பெட்டியில் எல்லாரையும் படங்களைக் கழிக்கச் சொன்னேன். ஆயிரக்கணக்கில் எடுத்ததில் தலைக்குப் பத்து நிற்கட்டும் என்றேன். கழிப்பதும் கற்றலில் சரிபாதி. ஒரே முகத்தின் முப்பது படங்களில் எது நிற்க வேண்டும், ஏன் என்று சொல்லத் தெரிகிறவருக்கு அடுத்த முறை முப்பது எடுக்கத் தேவையிருக்காது. நின்ற படங்களில் பெரும்பாலானவை பெயர் தெரிந்தவர்களுடையவையாக இருந்தன. நோட்டில் பெயர் எழுதிவைத்திருந்தவர்கள் தாங்களே அதைக் கவனித்துச் சொன்னார்கள்.

அடுத்த தசராவுக்குக் கேமராவோடு குலசைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எடுத்த படத்தை அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள். அந்த ஊர்களில் வேஷம் கட்டிய தங்கள் படம் நூற்றுக்கணக்கான கேமராக்களுக்குள் போயிருந்தும், வீட்டுச் சுவரில் மாட்ட ஒன்றுகூட இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தபாலில் ஒரு பிரிண்ட் அனுப்ப ஆகும் செலவு இரண்டு டீக் காசுக்கு மேல் போகாது. முகவரி வாங்காமல் வந்திருந்தால், பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு மறுபடி போய்க் கோயில் தெருவில் எந்தக் கடையிலாவது காட்டுங்கள். யார், எந்த ஊர், எந்தக் குழு என்று சொல்லிவிடுவார்கள்.